மாக்ஸ் ஹாஃப்மன் கேட்ட இரண்டு கார்கள்: 300 எஸ்.எல். எடுப்பதா, 507 எடுப்பதா?

கேள்வி இதுதான்: 1950களின் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு சேகரிப்பாளர் ஒன்றே ஒன்று எடுப்பதாக இருந்தால், மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். எடுக்கலாமா, பி.எம்.டபிள்யூ 507 எடுக்கலாமா? கேட்டவரே பாதி பதிலையும் சொல்லியிருந்தார். “507 மொத்தமே 252 கார்தான் செய்தார்கள், அப்படியானால் அதுதானே மேல்?”

அந்தப் பாதி பதிலை முதலில் பார்த்துவிடுவோம். 507 வெறும் 252 என்பது சரி. 300 எஸ்.எல். இரண்டு வடிவங்களில் வந்தது. கதவு மேல்நோக்கித் திறக்கும் கூபே 1,400. அதைத்தான் கடற்பறவை சிறகு விரித்ததுபோல் இருக்கிறது என்று ‘கல்விங்’ என்கிறார்கள். கூரை திறந்த ரோட்ஸ்டர் 1,858. ஆக மொத்தம் 3,258. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் 507 ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு அரிது. விலை அப்படியா இருக்கிறது? நல்ல 507 ஒன்று 20 லட்சம் டாலரைச் சுற்றிப் போகிறது. நல்ல கல்விங்கும் அதிலிருந்து ரொம்பக் கீழே இல்லை. கல்விங்கில் 29 கார்களுக்கு மட்டும் முழு அலுமினிய பாடி போட்டார்கள். அதில் ஒன்று 2022 ஜனவரி ஏலத்தில் 68 லட்சம் டாலரைத் தாண்டியது. எத்தனை செய்தார்கள் என்பதோடு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் கல்விங்கைத் தெரியும். 507ஐ, ஏற்கெனவே தெரிந்தவர்தான் தேடி வருகிறார்.

இந்த இரண்டையும் எதிரும் புதிருமாக நிறுத்துவது வழக்கம். ஆனால் இரண்டையும் கேட்டு வாங்கியது ஒரே ஆள். மாக்ஸ் ஹாஃப்மன், வியன்னாக்காரர். 1941ல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, போர் முடிந்ததும் ஐரோப்பியக் கார்களை அமெரிக்காவில் இறக்கி விற்றவர். பார்க் அவென்யூவில் அவருடைய ஷோரூமை வடிவமைத்தவர் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் என்றால், எப்படிப்பட்ட கைக்குச் சரக்கு விற்றார் என்று புரிந்துகொள்ளலாம். 1952ல் மெர்சிடிஸின் 300 எஸ்.எல். ரேஸ் கார் லே மான் பந்தயத்தையும் மெக்ஸிகோவின் கரேரா பனாமெரிக்கானாவையும் ஜெயித்தது. ஹாஃப்மன் விடவில்லை. இதையே ரோட்டில் ஓட்டும் காராகச் செய்து கொடுங்கள், விற்பது என் பொறுப்பு என்றார். அதனால்தான் 1954 பிப்ரவரியில் அந்தக் கார் ஜெர்மனியில் இல்லாமல் நியூயார்க் கண்காட்சியில் முதலில் திரை விலகியது.

அடுத்து ஹாஃப்மன் கண்ணில் ஒரு இடைவெளி பட்டது. ஒருபக்கம் விலை குறைந்த ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்கள், இன்னொரு பக்கம் எட்டாத விலையில் 300 எஸ்.எல். நடுவில் ஒன்றும் இல்லை. 5,000 டாலருக்கு ஒரு கார் கிடைத்தால் ஆயிரக்கணக்கில் தள்ளிவிடலாம் என்று பி.எம்.டபிள்யூவிடம் போனார். அவர்கள் முதலில் காட்டிய வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. நியூயார்க்கில் இருந்த ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஆல்பிரெக்ட் கோர்ட்ஸிடம், நீ வரைந்து அனுப்பு என்றார். கோர்ட்ஸ் வரைந்தது 1955 கோடையில் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஹோட்டலில் வந்து நின்றது. அதுதான் 507. ஆக, 300 எஸ்.எல்.லுக்கு ஒரு படி கீழே நிற்கத்தான் அந்தக் காரைக் கேட்டார்கள். ஆனால் விற்பனைக்கு வந்தபோது 9,000 டாலர் ஆகிவிட்டது. 300 எஸ்.எல். விலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கதை அங்கே கெட்டது.

சரி, காருக்கு வருவோம்.

300 எஸ்.எல்.லின் கதவு ஏன் மேலே திறக்கிறது? அழகுக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹாவுட், மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோண முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூண்டுபோல் சேசிஸ் செய்தார். எடை மிகக் குறைவு. அந்தக் கூண்டு முறுக்காமல் நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் உயரமாக வர வேண்டும். உயரமாக வந்தால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை. கீழே வெட்ட முடியாததால் மேலே வெட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த உயரத்தின் அர்த்தம் உள்ளே ஏறும்போதுதான் தெரியும். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமைகளில் ஒத்தாசைக்குப் போகும் பட்டறையில் முதன்முதலாக ஒன்றில் உட்காரக் கிடைத்தது. முதலில் நேராகக் காலை உள்ளே விட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பட்டறைக்காரர் சிரித்துவிட்டு வழி சொல்லிக்கொடுத்தார். அகலமான அந்த விளிம்பின் மேல், வெளியே பார்த்தபடி திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தை மடக்கிவிட வேண்டும். அதற்கென்றே மடங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே தூக்கிப் போட்டு, அப்படியே வழுக்கி சீட்டில் இறங்க வேண்டும். இறங்கியபின் சக்கரத்தை நிமிர்த்தி, தலைக்கு மேல் கை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். சாத்தியதும் ஒரு விஷயம் புரியும்: கண்ணாடி இறங்காது. காற்று வேண்டுமானால் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திறக்கலாம், இல்லையென்றால் பக்கக் கண்ணாடியை முழுசாகக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஜூலை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்துகொண்டால் அது கார் இல்லை, இட்லிப் பானை. டிக்கியைத் திறந்தால் ஸ்பேர் சக்கரமும் பெட்ரோல் டேங்கும்தான் இருக்கும். பெட்டி வைக்க சீட்டுக்குப் பின்னால்தான் இடம். அந்த இடத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த தோல் பெட்டிகளுக்கே இன்று தனி விலை. கார் வாங்கும்போது பெட்டியும் சேர்ந்து வருகிறதா என்று கேட்க மறக்க வேண்டாம்.

இன்ஜின் 2,996 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர். பானட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை ஒருபக்கமாகச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்பு. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த குட்பிராட், கோலியாத் சின்னக் கார்களில் இது முன்பே வந்திருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு விற்பனைக்கு வந்த கார்களில் இதுதான் முதல். 215 குதிரைத்திறன். கியர் விகிதத்தைப் பொறுத்து மணிக்கு 235 முதல் 260 கி.மீ. வரை போகும். 1954ல் அது ரேஸ் காரின் வேகம்.

அந்தப் பம்பில்தான் வினையும் இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்தால் ஸ்பார்க் உடனே நின்றுவிடும். ஆனால் இன்ஜின் சுழன்று ஓயும்வரை பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஐந்து நிமிஷம் ஓட்டுவது, அணைப்பது, மறுபடி ஐந்து நிமிஷம் என்று ஓட்டும் காருக்கு இது மெல்லக் கொல்லும் விஷம். நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ஆகவே ஒரு 300 எஸ்.எல். பார்க்கப் போனால், பெயின்டைப் பார்ப்பதற்கு முன் ஆயில் அளக்கும் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்தக் காரை யாரும் ஒழுங்காக ஓட்டவில்லை. கண்காட்சிக்கு ட்ரெய்லரில் ஏற்றுவதும் இறக்குவதுமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஓடாத கார் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் காரிடம் மட்டும் செல்லாது.

இன்னொரு குணம் பின் ஆக்ஸில். கல்விங்கில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு பாதியாக ஊஞ்சல்போல் ஆடும் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ப் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கி வண்டியின் பின்பாகம் சட்டென்று வெளியே வீசும். தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை விடாமல் போவார்கள். ரேஸ் வீரர் ஜான் ஃபிட்ச் 1955ல் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஒரு கல்விங்கை ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். அந்தச் சரித்திரத்தால் இன்றும் பழைய கார்களுக்காக நடக்கும் மில்லே மிலியாவில் கல்விங்குக்கு இடம் உண்டு. விலையில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1957ல் வந்த ரோட்ஸ்டரில் இந்தக் குறைகளில் பாதியைச் சரிசெய்துவிட்டார்கள். கூண்டின் பக்கங்களைத் தாழ்த்தி வேறு இடத்தில் பலம் கொடுத்ததால் சாதாரணக் கதவு வந்தது, கண்ணாடி இறங்கியது, டிக்கியில் பெட்டி வைக்க இடம் கிடைத்தது. பின் ஆக்ஸிலின் சுழல் புள்ளியைக் கீழே இறக்கியதில் அந்த வீசும் குணம் நன்றாக அடங்கியது. 1961லிருந்து நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 1962லிருந்து கடைசி இருநூற்றுச் சொச்சம் கார்களுக்கு அலுமினிய இன்ஜின் பிளாக். இந்தக் கடைசிக் கார்கள்தான் ரோட்ஸ்டர்களிலேயே விலை கூடியவை, ஓட்டுவதற்கும் சிறந்தவை. சேகரிப்பு உலகில் இரண்டும் ஒரே காரில் சேர்ந்து வருவது அபூர்வம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 190 எஸ்.எல். என்று ஒன்று உண்டு, 300 எஸ்.எல். ரோட்ஸ்டரின் தம்பிபோலவே முகம். ‘குட்டி 300’ என்று சொல்லி விற்பார்கள். அது 180 சலூனின் அடித்தளத்தில் நான்கு சிலிண்டர், 105 குதிரைத்திறன் போட்டுச் செய்த நல்ல உலாக் கார். 25,000க்கு மேல் செய்தார்கள். முகஜாடையைத் தவிர இரண்டுக்கும் பெரிதாக உறவில்லை.

507ஐப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதன் எதிரில் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இதைவிட அழகான கார் கிடையாது. நீண்ட பானட், பின்தள்ளி உட்கார்ந்த கேபின், முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றுப் போக ஒரு செவுள், அதன் நடுவில் வட்டச் சின்னம். கோர்ட்ஸ் எதையும் ஒட்டவைத்த மாதிரி இல்லை. மெர்சிடிஸைப் பார்த்தால் யாரோ கணக்குப் போட்டது தெரியும். இதில் ஒருவர் கோடு இழுத்தது மட்டும்தான் தெரியும்.

பாடி முழுக்க அலுமினியம், கையால் தட்டிச் செய்தது. நம்மூர் டிங்கரிங் பட்டறையில் தகடு தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஒரு கை தட்டியதுபோல் இன்னொரு கை தட்டாது. அதனால் எந்த இரண்டு 507ம் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றுபோல் இல்லை. தனியாகக் கழற்றி மாட்டும் கூரை, அதான் ஹார்டு டாப், ஒரு காருக்குச் செய்தது இன்னொரு காருக்கு உட்காராது. அந்தக் கைவேலையே விலையை ஏற்றியது. ஆயிரக்கணக்கில் விற்கும் என்று கணக்குப் போட்ட கார் 252ல் நின்றது. செய்த ஒவ்வொரு காரிலும் பி.எம்.டபிள்யூவுக்கு நஷ்டம்.

அன்றைய பி.எம்.டபிள்யூ இன்றைய பி.எம்.டபிள்யூ இல்லை. ஒரு கையில் பெரிய வி8 கார்கள், மறு கையில் முட்டை மாதிரி இருக்கும் இசெட்டா குட்டிக் கார், நடுவில் குடும்பஸ்தன் வாங்கக்கூடிய கார் என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. 1959ல் கம்பெனி பெரும் நஷ்டத்தில் இருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 9 அன்று நடந்த பங்குதாரர் கூட்டத்தில் கம்பெனியையே, மெர்சிடிஸைச் செய்யும் டைம்லர்-பென்ஸிடம் கொடுத்துவிடும் திட்டம் வந்தது. சிறு பங்குதாரர்கள் எழுந்து தடுத்தார்கள். அதன்பின் தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் தன் பங்கை உயர்த்திக் கம்பெனியைக் காப்பாற்றினார். அன்றைக்கு அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் 300 எஸ்.எல்., 507 இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகியிருக்கும், இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஓட்டத்தில் 507, 300 எஸ்.எல்.லுக்குப் போட்டி இல்லை. 3,168 சிசி அலுமினிய வி8, இரண்டு ஜெனித் கார்புரேட்டர், 150 குதிரைத்திறன். மெர்சிடிஸைவிட 65 குறைவு. கடற்கரைச் சாலையில் மெதுவாகப் போகும்போது அந்த வி8 போடும் ஆழ்ந்த சத்தம் கேட்க சுகம். விரட்டினால் அதற்குச் சங்கடம். ஆனால் ஒரு வசதி உண்டு. கார்புரேட்டர் தெரிந்த நல்ல மெக்கானிக் எவரும் இதை டியூன் செய்துவிடலாம். பாஷ் பம்பைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்களை ஊர் ஊராகத் தேட வேண்டும். 507க்குள்ளும் முதலில் செய்ததா, பிறகு செய்ததா என்ற வித்தியாசம் பார்க்க வேண்டும். முதல் 34 கார்களில் 110 லிட்டர் டேங்கை சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இடமும் போச்சு, கூரையை மூடினால் பெட்ரோல் வாடையும் வரும். பிறகு சின்ன டேங்காக டிக்கிக்கு அடியில் மாற்றினார்கள். ஓட்டப்போகிறவர் பிந்தையதை எடுப்பதே நல்லது.

507ல் ஏமாற்றம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு எல்விஸ் பிரெஸ்லியின் காரே பாடம். அமெரிக்க ராணுவத்தில் சிப்பாயாக ஜெர்மனியில் இருந்தபோது அவர் ஒரு வெள்ளை 507 எடுத்தார்; அதற்கு முன் ரேஸ் வீரர் ஹான்ஸ் ஸ்டுக் ஓட்டிய வண்டி அது. ரசிகைகள் உதட்டுச் சாயத்தால் அதன் மேல் எழுதிவைத்துக்கொண்டே இருந்ததால் சிவப்பு பெயின்ட் அடித்தார் என்பார்கள். கார் பிறகு அமெரிக்கா போனது. அங்கே கைமாறியபோது ஒருவர் வி8ஐக் கழற்றிவிட்டு ஷெவர்லே இன்ஜினை மாட்டி ரேஸ் விட்டார். அசல் இன்ஜின் போனது போனதுதான். கலிஃபோர்னியாவில் பூசணிக்காய்க் கிடங்கு ஒன்றில் பல வருஷம் கிடந்த காரை மியூனிக்குக் கொண்டுபோய், உதிரிபாகங்களிலிருந்து ஒரு இன்ஜினை உருவாக்கி, பி.எம்.டபிள்யூவே மறுபடி வெள்ளையாக்கி 2016ல் பெப்பிள் பீச் பழைய கார் கண்காட்சியில் நிறுத்தியது. எல்விஸ் பெயர் இருப்பதால் அந்தக் குறை அவர் காரில் மறைந்துபோகும். நீங்கள் பார்க்கும் காரில் எல்விஸ் இல்லை. அதே வி8 குடும்பம் 502 சலூனிலும் 503லும் இருந்ததால், அந்த இன்ஜினை மாட்டிவிட்டு ‘அதே கம்பெனி வி8தானே’ என்பார்கள். தலையாட்டிவிட்டு விலையில் கணிசமாக வெட்டச் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்முனையில் ஜான் சர்டீஸின் கார். 1956ல் மோட்டார் சைக்கிள் உலகப் பட்டம் ஜெயித்ததற்காக எம்.வி. அகுஸ்டா மோட்டார் சைக்கிள் கம்பெனியின் கவுண்ட் அகுஸ்டாவிடமிருந்து வந்த 507. 2017ல் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. 2018 ஏலத்தில் 38 லட்சம் பவுண்டு போனது. வேறு கை படாத கார், பெரிய பெயர், ஆரம்பத்திலிருந்து காகிதம். சாதாரண 507 விலையை இதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஆனால் ஒரே உரிமையாளர் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போது பார்ப்பதில் பொதுவானது ஒன்று: சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா. அதைக் கேட்டு எழுதிவாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கல்விங்கில் பானட், டிக்கி மூடி, கதவு அலுமினியம், மற்றது எஃகு. அதனால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். எஃகு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் வழுக்கினால் உள்ளே பட்டி. காரின் அடியில் மூடியிருக்கும் தட்டுகளைப் பலர் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அசல் தட்டுகள் இருந்தால் அது நல்ல அறிகுறி. 507ல் காந்தத்துக்கு வேலையில்லை. அங்கே எஃகு சேசிஸும் அலுமினிய பாடியும் தொடும் இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். விபத்தில் நசுங்கிய 507க்குக் கடையில் தகடு கிடைக்காது, யாராவது உட்கார்ந்து மறுபடி தட்ட வேண்டும். 300 எஸ்.எல்.லுக்கு நிலைமை பரவாயில்லை. மூவாயிரத்துச் சொச்சம் கார் என்பதால் பாகங்கள் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் காரை மட்டுமே பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன, ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஃபெல்பாக்கில் கம்பெனியின் சொந்த கிளாசிக் மையமும் இருக்கிறது. கேள்வி கேட்டவர் குறையாக நினைத்த அந்த எண்ணிக்கைதான் இங்கே கைகொடுக்கிறது.

என் தேர்வைக் கேட்டால்: ஓட்டுவதற்கு டிஸ்க் பிரேக் வைத்த 300 எஸ்.எல். ரோட்ஸ்டர், இரண்டாவது யோசனையே இல்லை. கல்விங்கை விற்பது சுலபம், வாங்கியதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் அதை வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் வருஷத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். 507ஐ, வீட்டில் ஏற்கெனவே ஓட்டுவதற்கு வேறு நல்ல கார் இருப்பவர், காலையில் காபி டம்ளரோடு கராஜுக்குப் போய்ச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவர் எடுக்கட்டும். முதலீடு என்று மட்டும் நினைத்து எடுக்கிறவருக்கு இரண்டுமே வேண்டாம். இன்சூரன்ஸ், கராஜ், பட்டறைச் செலவு என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எதைப் பார்க்கப் போனாலும், வருவதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானட்டில் கை வையுங்கள். சில்லென்று இருந்தால் அங்கிருந்தே சோதனையைத் தொடங்கலாம். சூடாக இருந்தால், கார் முழுசாக ஆறும்வரை பக்கத்துக் கடையில் போய் உட்காருங்கள்.